அத்தியாயம் 6: பெரிய தோட்டா, கட்டுப்படியாகும் துப்பாக்கி

விருத்தாசலம், மங்கலம்பேட்டை, வேப்பூர் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் துப்பாக்கி பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பன்றிக்கு எது சரியா வரும்? நல்ல பெரிய ரைஃபிளா ஒண்ணு, கையக் கடிக்காத விலையில கிடைக்குமா?" கேட்பவர்களின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் இறங்கினால் தின்பது கொஞ்சம், மிதித்துச் சாய்ப்பது மிச்சம். மல்லாட்டை முற்றும் நேரத்தில் செடியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போன கொல்லையைக் காலையில் பார்க்கிறவனுக்கு, இரவோடு இரவாக ஏதாவது செய்துவிடத் தோன்றும். ஆனாலும் துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன் சட்டத்தையும், தோட்டாவையும், சுடப்போகும் நிலத்தையும் இந்த வரிசையிலேயே பார்த்தாக வேண்டும். துப்பாக்கி நான்காவதுதான்.

இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டையை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. காட்டுப்பன்றி முன்பு அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது; 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தபின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்கோ உயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கைச் சுட 11-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்தில் ஆணை தர வேண்டும். வாய்மொழி அனுமதி என்று ஒன்று கிடையாது. செத்த விலங்கும் 39-ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. ஒரு துண்டு இறைச்சி வீட்டுக்கு வந்தாலும் குற்றம்தான்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறை தூரத்தை வைத்துப் பிரிக்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம். அதையும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்களே செய்வார்கள். வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் அடங்கிய ஊர்க்குழு வழியாக முறையீடு போக வேண்டும். ஆக, உங்கள் கையில் லைசென்ஸோடு துப்பாக்கி இருந்தாலும் உங்கள் கொல்லையில் பன்றியை நீங்கள் சுட முடியாது. இதை மறைத்துத் துப்பாக்கி விற்கிறவர் உங்களைச் சிறைக்கு அனுப்பப் பணம் வாங்குகிறார். கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் தரப்பட்டு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்களின் பெயர்ப்பட்டியல் வைத்து அவர்களை அழைக்கிறார்கள். அந்த முறை இங்கும் வர வேண்டும் என்று விவசாயிகள் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். வரும்வரை இங்குள்ள சட்டம்தான் சட்டம்.

அப்படியானால் இந்த அத்தியாயம் யாருக்கு? தோப்பு வீட்டில் தனியாகக் குடியிருந்து தற்காப்புக்கு லைசென்ஸ் கேட்பவருக்கு. அப்பா காலத்துத் துப்பாக்கி வாரிசாக வந்து அதை மாற்ற நினைப்பவருக்கு. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து சுடுபவருக்கு. வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. பெரிய விலங்கை வீழ்த்தும் தோட்டாவின் கணக்கு இவர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பலரும் படிப்பதில்லை. படித்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீரும். பயிர்க்காப்புக்கு என்று அந்தப் பிரிவு முதலில் சொல்வது வாய்ப்புறமாக மருந்தைக் கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி ஒப்புக்கொண்டால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உள்ளே புரி இல்லாத வழவழப்புக் குழல் துப்பாக்கி. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் அதே வழவழப்புக் குழல்தான் எளிய வழி. புரிக்குழல், அதாவது ரைஃபிள், வேண்டும் என்றால் ஏன் வேண்டும் என்று கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் தனியாக விளக்க வேண்டியிருக்கும். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணையும் வருவாய்த்துறை விசாரணையும் நடக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

இனி தோட்டா. எந்தத் துப்பாக்கி என்று யோசிப்பதற்கு முன் எந்தத் தோட்டா நமக்குத் தொடர்ந்து கிடைக்கும் என்று பார்ப்பதே மலிவாக வாங்கும் வழி. இதை ஒரு பழைய கதை நன்றாக விளக்கும். பெங்களூரில் இருந்துகொண்டு சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் புலிகளையும் தேடிப் போன கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். 1895 மாடல் அமெரிக்கத் துப்பாக்கி. கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். 1904-இல் வந்த அந்தத் தோட்டாவின் குண்டு சுமார் 19 கிராம், குழல் விட்டம் பத்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். லண்டனில் கையால் செய்த இரட்டைக் குழல் ரைஃபிளை மகாராஜாக்களும் பெரிய துரைமார்களும் வாங்கிய காலத்தில், தொழிற்சாலையில் செய்த இந்தத் துப்பாக்கி அதே வேலையை அதன் விலையில் சிறு பங்குக்குச் செய்தது. எட்டும் விலையில் பெரிய குழல் என்பதற்கு நம் பக்கத்துக் காடுகளில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் வின்செஸ்டர் கம்பெனி அந்தத் தோட்டாவைச் செய்வதை நிறுத்தியபின் அதை வைத்திருந்தவர்கள் கையில் மிஞ்சியது அழகான இரும்புக் குழாய். இன்று யாராவது அப்படிப்பட்ட பழைய ரைஃபிளைக் குறைந்த விலைக்கு நீட்டினால், "தோட்டா எந்தக் கடையில், போன மாதம் எத்தனை வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள்.

அரசாங்கம் தோட்டாவைத் தடுத்தால் துப்பாக்கியின் கதையே மாறும் என்பதற்கும் இந்தியாவே சாட்சி. 1907-ஐ ஒட்டி ஆங்கில அரசு .450 அளவை இந்தியாவில் தடுத்தது. படையின் பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகள் கிளர்ச்சியாளர் கைக்குப் போனால் அவற்றுக்கு அந்தக் குண்டு பயன்பட்டுவிடும் என்ற அச்சம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று மயிரிழை வேறுபாட்டில் புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. யானைக்கு இன்றும் பெயர் சொல்லும் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் அப்படிப் பிறந்ததுதான். சுமார் 32 கிராம் குண்டு, குழல் வாயில் 7,000 ஜூலை ஒட்டிய ஆற்றல். அதே காரணத்தால்தான் .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டது. இன்றும் அது தடைசெய்யப்பட்ட அளவு. "மிலிட்டரி ரைஃபிள், மலிவு" என்று எவராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

அந்த மறுப்பிலிருந்து வந்ததுதான் இந்தியாவில் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய பெரிய ரைஃபிள்: .315. தோட்டா ஆஸ்திரிய மான்லிச்சரின் பழைய எட்டு மில்லிமீட்டர் தோட்டா, இயங்குமுறை லீ-என்ஃபீல்டு. கொல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர் தொழிற்சாலையின் சரக்கு. 2021 அக்டோபரில் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபின் துப்பாக்கிகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழும், தோட்டாக்கள் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் கீழும் வந்தன. 15.8 கிராம் குண்டு, நொடிக்கு 600 மீட்டருக்குச் சற்று மேல் வேகம், 3,000 ஜூல் அளவு ஆற்றல். நூறு கிலோ பன்றிக்கு அது தாராளம். காட்டெருமைக்கும் யானைக்கும் பற்றாது. அவை நமக்குச் சுடுவதற்கு உரியவையும் அல்ல. இன்னும் வேகமான .30-06 அளவிலும் அரசுத் தொழிற்சாலை ரைஃபிள் உண்டு. விலையும் கூடுதல், தட்டையான நிலத்தில் அபாயமும் கூடுதல் என்பதால் நம் மாவட்டத்துக்கு அதை நான் சொல்வதில்லை.

வெளிநாட்டு ரைஃபிள்கள் இங்கே ஏன் கொள்ளை விலை என்று பலர் வியக்கிறார்கள். 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி நின்றுபோனது. அதற்கு முன் வந்த துப்பாக்கிகளே கைமாறிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தத் தட்டுப்பாட்டுக்கே போகிறது. கட்டுப்படியாக வேண்டும் என்று தேடுகிறவருக்கு அந்தச் சந்தை ஆகாது.

அடுத்து நிலம். விருத்தாசலத்தைச் சுற்றிப் பாருங்கள். மலை இல்லை, மேடு இல்லை. முந்திரிக் கொல்லையின் கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மார்ச் முதல் மே வரை விடியுமுன்பே பெண்கள் குனிந்து கொட்டை பொறுக்கப் போய்விடுவார்கள். பத்து அடிக்கு அப்பால் ஆள் இருப்பது தெரியாது. ஊர்ப்பக்கம் வந்தால் செராமிக் தொழிற்பேட்டை, ரயில் ஜங்ஷன், மணிமுத்தாற்றங்கரைக் குடியிருப்புகள். .315 குண்டு தடுக்க ஒன்றுமில்லாவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும். குறி தப்பிய குண்டும், பன்றியை ஊடுருவி வெளியேறிய குண்டும் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாத நிலத்தில் ரைஃபிளுக்கு வேலை இல்லை. மலைச்சரிவில் மேலிருந்து கீழே சுடுகிறவருக்கு மண்ணே தடுப்பு. நமக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே என் பரிந்துரை பன்னிரண்டு போர் வழவழப்புக் குழல். பெரிய குழல் என்று பார்த்தால் அதன் விட்டம் 18.5 மில்லிமீட்டர், மேலே சொன்ன .470 யானை ரைஃபிளைவிடவும் அகலம். ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை வார்த்தால் ஒரு உருண்டை என்ன பருமனோ, அது அந்தக் குழலின் அளவு. எல்.ஜி., எஸ்.ஜி. என்ற தோட்டாக்களில் சில பருத்த ஈயக் குண்டுகள் இருக்கும். 25, 30 மீட்டருக்குள் அவை பெரிய விலங்கை நிறுத்தும். அதற்கு அப்பால் குண்டுகள் விரிந்து காயம் மட்டும் செய்யும், காயம்பட்ட பன்றி ஆளை நோக்கி வரும். ஒற்றைக் குண்டுத் தோட்டா ஐம்பது மீட்டர் வரை எட்டும். குழல் வாயில் அதன் ஆற்றல் .315-க்கு ஏறத்தாழ இணை. ஆனால் வேகம் சீக்கிரம் வடிந்துவிடும். அந்த வடிதல்தான் நம் நிலத்தில் பாதுகாப்பு. கேரளத்தில் பன்றிக்கு அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் கொண்டுபோவதும் இரட்டைக் குழல் பன்னிரண்டு போர்தான். தோட்டா எந்த லைசென்ஸ் பெற்ற கடையிலும் கிடைக்கும். புனே கட்க்கி தோட்டாத் தொழிற்சாலையின் சரக்கு நாடு முழுக்கப் போகிறது. பாதிக்குப் பாதி விலையில் பழைய இரட்டைக் குழல்கள் வாரிசுகளிடமிருந்து விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

பழையது வாங்கும்போது அவசரம் வேண்டாம். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே வட்ட வட்டமாக நிழல் விழ வேண்டும். எங்காவது ஒரு வளையம் தடித்துத் தெரிந்தால், அடைப்போடு சுட்டுக் குழல் வீங்கியிருக்கிறது, வேண்டாம். துப்பாக்கியைப் பூட்டி முன்கட்டையை எடுத்துவிட்டு, குழலைப் பிடித்து ஆட்டுங்கள். கட்டையோடு சேரும் இடத்தில் கடகடவென்று ஆட்டம் இருந்தால் ஆசாரியிடம் போக வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். குழலின் வெளிப்புறத்தில் பின்னலிட்டது போல அலையலையாக நெளி தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்துச் சரக்கு. எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்றைய தோட்டாவை அதில் போடக்கூடாது, கை போய்விடும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் சுட்டபின் அதன் முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளவுகோல் வைத்திருக்கும் ஆர்மரரிடம் ஒரு முறை கொண்டுபோய்க் காட்டுங்கள்.

.315 ரைஃபிள் வாங்குகிறவர் முதலில் எண்ணைப் பார்க்க வேண்டும். போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு துப்பாக்கியின் போல்ட்டைப் போட்டிருந்தால் தோட்டாவின் அடி சரியாகத் தாங்கப்படாது. இரண்டாவது குழலின் உட்புறம். பழைய தோட்டாக்களின் மூட்டுமருந்து உப்பை விட்டுச் செல்லும். சுட்ட அன்றே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவாமல் எண்ணெய் மட்டும் போட்டு வைத்திருந்தால் உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருக்கும். லேசான குழி குறியைப் பெரிதாகக் கெடுக்காது. புரியின் விளிம்பே தேய்ந்திருந்தால் கெடுக்கும். குழல் முனையில் விரலை ஓட்டுங்கள். அங்கே ஒரு நசுங்கல் இருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் குண்டு கோணிப் போகும். கட்டையைக் கழற்றி மரத்துக்கு உள்ளே இரும்பைப் பார்க்காமல் பணம் தராதீர்கள். மழைக்காலத் துரு வெளியே தெரியாமல் அங்கேதான் வேலை செய்யும். ரேஞ்சில் ஒரு தோட்டா சுட்டு, காலிக் கூட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம் பளபளப்பாக ஒரு வளையம் ஓடியிருந்தால் தோட்டா அறையில் இடைவெளி அதிகம். அந்தத் துப்பாக்கியை எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் எனக்கு வேண்டாம்.

தனிநபரிடம் வாங்கும்போது விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். முன்பணம் தருவதானால் அந்த நாள் கணக்கை எழுதிக் கொடுங்கள். நாட்டுத் துப்பாக்கியை "சும்மா இருக்கட்டும்" என்று வாங்கி மச்சில் போட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் ஐந்து ஆண்டு சிறை. மின்கம்பியிலிருந்து நேராக வேலிக்குக் கரண்ட் விடுவதும் இதே ரகம்தான். அதில் செத்துப்போனவர்களில் பன்றி மட்டும் இல்லை, பக்கத்துக் கொல்லைக்காரர்களும் உண்டு. செய்பவர் நல்லவராக இருந்தும் ஆள் செத்த வழக்கில் சிக்குகிறார்.

வெளிநாட்டில் இருப்பவருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், அங்கே கேட்டு அறிய ஆள் நிறைய. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அபாயகரமான விலங்குக்கு 1912-இல் வந்த .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டுதான் குறைந்தபட்ச அளவாக வைக்கப்பட்டிருக்கிறது. விலை கட்டுப்படியாக வேண்டும் என்றால் 9.3×62-ஐப் பாருங்கள். பெர்லின் துப்பாக்கிக்காரர் ஓட்டோ போக் 1905-இல் செய்தது. ஜெர்மானியக் குடியேற்றங்களில் இருந்த விவசாயிகள் சாதாரண மவுசர் ரைஃபிளிலேயே பெரிய விலங்கைச் சுட ஏற்றதாக வடிவமைத்த தோட்டா. விலை உயர்ந்த நீண்ட இயங்குமுறை தேவையில்லை என்பதுதான் அதன் வெற்றிக்குக் காரணம். சில நாடுகளில் .375-க்குக் கீழே என்று இதை ஏற்க மாட்டார்கள், அனுமதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1873-இல் பிறந்த .45-70 இன்றும் புதிய துப்பாக்கிகளில் வருகிறது. பன்றிக்கும் கரடிக்கும் கிட்டத்திலிருந்து சுட அது நல்லது, உதையும் பழகிக்கொள்ளக்கூடியது. உதை தாங்காமல் கண்ணை மூடிச் சுடுபவர் கையில் .470-ஐவிடப் பழகிய .315 மேல். ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907-இல் பரிசாக வந்தது .275 ரிக்பி, ஏழு மில்லிமீட்டர்தான். அதையே அவர் பின்னர் ஆட்கொல்லிகள்மேல் பயன்படுத்தினார், குண்டு எங்கே விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்.

வாங்கிய பிறகு முதல் பெட்டித் தோட்டாவை முழுக்க ரேஞ்சில் செலவழியுங்கள். பன்னிரண்டு போராக இருந்தால் 20, 25, 30 மீட்டரில் பெரிய தாளை விரித்துச் சுட்டு, ஒரு சாண் வட்டத்துக்குள் எத்தனை குண்டு விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கடையில் வாங்கிய எல்.ஜி. தோட்டா இடக்குழலில் ஒருமாதிரி, வலக்குழலில் ஒருமாதிரி விரியும். எந்தக் குழலை முதலில் சுடுவது என்று அந்தத் தாள்தான் சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி உறைக்குள் துப்பாக்கியைப் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தை உறை பிடித்துக்கொள்ளும். காற்றாடும் இரும்புப் பெட்டியில், குழல் வாய் கீழே பார்க்க, எண்ணெய் கட்டைக்குள் இறங்காதபடி நிறுத்துங்கள். தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கொண்டுபோகும் முன் குழலுக்குள் கெட்டியான எண்ணெய் பூசுங்கள், துப்பாக்கியின் எண்ணையும் நிலையையும் எழுதிய ரசீது வாங்குங்கள், திரும்பப் பெறும்போது அங்கேயே பிரித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.